ஓட்டத்தை நிறுத்தட்டுமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அப்பாவின் கேள்வி

கேள்வி: டீச்சர், நாங்கள் பாலக்காடு ஜில்லா எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறேன். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். இந்த வருஷம் 800 மீட்டரில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்து மாநிலம் வரைக்கும் போனாள். அங்கே எட்டாவது. கலோத்சவத்தில், அதுதான் பள்ளிக் கலைவிழாவில், தமிழ்ப் பத்யம் (செய்யுள்) சொல்வதில் சப்-ஜில்லாவில் ஏ கிரேடு, ஆனால் இரண்டாம் இடம். அப்பீல் போயிருக்கலாம் என்கிறார்கள். எஸ்.பி.சி. என்கிற மாணவர் போலீஸ் படையிலும் இருக்கிறாள். அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ் என்பதால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறாள் என் மனைவி. பாலக்காட்டுக்கு அப்பால் ஹாஸ்டல் உள்ள ஸ்கூலில் சேர்க்கச் சொல்கிறார் பி.டி. மாஷ், அவளுடைய விளையாட்டு ஆசிரியர். பொள்ளாச்சியில் இருக்கும் என் மச்சான், "இங்கே கொண்டு வந்து சேருங்க, தமிழ்நாட்டில் எல்லாத்துக்கும் கோட்டா இருக்கு" என்கிறான். கிரேஸ் மார்க் எவ்வளவு கிடைக்கும்? எந்தப் பக்கம் போனால் நல்லது? கொஞ்ச நாளாகக் கால் வலி என்கிறாள். ஷூ வாங்கிக் கொடுத்தேன், அது ஒரு சைஸ் பெரிதாகிவிட்டது.

பதில்:

கோட்டா, கிரேஸ் மார்க், அப்பீல் எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, கால் வலியைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்யுங்கள். பாப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பை அவள் அம்மாவை விட்டு மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறதா? ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்துவிடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, தார் ரோட்டை விட்டு மண்ணில் ஓடினால் சரியாகிவிடும். ஆனால் ஒரே இடத்தில், விரல்நுனி அளவு இடத்தில், தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் விஷயம் வேறு. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறாளா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். இந்த விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல்கூடப் போகும். 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னதுமே மறுநாள் காலையில் மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பி.டி. டீச்சராகச் சேர்ந்த புதிதில், எனக்கும் பெயர் வாங்க வேண்டும் என்ற வெறி இருந்த காலத்தில், 1500 மீட்டர் ஓடுகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கால் வலி என்றாள். ஐயோடெக்ஸ் தேய்த்து, துணியால் இறுக்கிக் கட்டி, நெஞ்சு நம்பரை ஊக்கு குத்திவிட்டு, ஒரு கை குளுக்கோஸை வாயில் போட்டு, "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடு கண்ணு, நாலு ரவுண்டுதானே" என்று அனுப்பினேன். மூன்றாவது ரவுண்டில் வளைவு திரும்பும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் விசில் அடித்து எழுந்திருக்கச் சொன்னேன். அதுதான் இன்று வரை என் காதில் இருக்கிறது, என் விசில் சத்தம். அதற்கப்புறம் அவள் ஓடவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், என் ரவிக்கை எல்லாம் அவளிடம்தான். அளவெடுக்கக் குனியும்போது அந்தக் காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் நிற்பாள். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, காலுக்கு அடுத்து வயிறு. விடியற்காலையில் கட்டன் சாயா (பால் இல்லாத டீ) மட்டும் குடித்துவிட்டு ஓடப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். உங்கள் மகளும் அப்படித்தான் போகிறாள் என்றால், ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பழமோ இரண்டு பேரீச்சையோ கொடுங்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோடு சாப்பாடு இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதோடு 800 மீட்டர் ஓடுவது, கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டு உங்கள் லோடு வண்டியை ஓட்டுவது மாதிரி. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகளை நானே பிடித்திருக்கிறேன். உங்கள் மகள் முழுங்குகிறாளா என்று கேளுங்கள். அதை முழுங்கியதும் சாயா குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், 'ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்' என்று மைதானத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். போதுமான சாப்பாடு இல்லாமல் உடம்பை வருத்துகிறாள் என்பதன் அடையாளம் அது, எலும்பையும் அது பலவீனமாக்கும். இதை நீங்கள் கேட்க முடியாது, அவள் அம்மா கேட்க வேண்டும். ஆக, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிற உங்கள் வீட்டம்மாவை இந்த விஷயத்தில் எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் இல்லாமல் இந்தப் பிள்ளை ஓட முடியாது.

இப்போது கிரேஸ் மார்க், அதாவது பரீட்சை மார்க்கோடு சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் மார்க். 2023-ல் திருத்திய கணக்குப்படி மாநிலக் கலோத்சவத்தில் ஏ கிரேடுக்கு 20, பி-க்கு 15, சி-க்கு 10. விளையாட்டில் மாநில அளவில் முதலிடத்துக்கும் 20 மார்க்தான். உத்தரவு அவ்வப்போது மாறுகிறது, ஜூனில் பள்ளி ஆபீசில் அந்த வருஷத்து உத்தரவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் கவனிக்க வேண்டிய வார்த்தை 'மாநில' என்பது. சப்-ஜில்லாவில் வாங்கிய ஏ கிரேடுக்கு ஒரு மார்க்கும் கிடையாது. மார்க்குக்காக மட்டும்தான் பத்யம் சொல்கிறாள் என்றால், அந்த நேரத்தில் கணக்குப் போட்டால் அதைவிட அதிகமாகவே வாங்கிவிடுவாள்.

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பாயிண்ட்டுக்காக. கலோத்சவத்தில் ஒரு ஏ கிரேடுக்கு 5 பாயிண்ட், பி-க்கு 3, சி-க்கு 1. 2025 ஜனவரியில் திருவனந்தபுரம் மாநிலக் கலோத்சவத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். திருச்சூர் 1008, நம் பாலக்காடு 1007. அந்த 117.5 பவுன் தங்கக் கோப்பை ஒரே ஒரு பாயிண்ட்டில் போனது. ஒரு மாவட்டம் முழுவதும் இருக்கிற மாஷ்மாரும் டீச்சர்மாரும் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் பிள்ளைகளை விரட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு பள்ளியின் கணக்கு, உங்கள் வீட்டுக் கணக்கு அல்ல.

இந்தப் பாயிண்ட் கணக்கில் நம் மாதிரிக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. பரதநாட்டியத்துக்கும் அதே 5 பாயிண்ட், தமிழ்ப் பத்யத்துக்கும் அதே 5 பாயிண்ட். நடனத்துக்கு உடை, நகை, மேக்கப், குருதட்சணை என்று ஒரு குடும்பமே கடன் வாங்கும். பத்யத்துக்கு வேண்டியது இஸ்திரி போட்ட யூனிஃபார்மும் சுத்தமான ழகரமும்தான். 2024-25 கல்வியாண்டில் ஐந்து பழங்குடிக் கலைகளையும் மேடை ஏற்றினார்கள்: மங்கலம்களி, பணிய நடனம், இருள நடனம், பளிய நடனம், மலைப்புலையர் ஆட்டம். மறையூர், குமுளி, அட்டப்பாடி என்று தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நம் எல்லை மலைப் பிள்ளைகள், சொந்த வீட்டு ஆட்டத்தை ஆடிக்காட்டி ஏ கிரேடு வாங்க முடிகிறது. இருபது வருஷம் முன்பு இதை யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஆகவே பத்யத்தை நிறுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். இஷ்டப்பட்ட கவிதையை அவளே தேடட்டும், நாலு பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லித் தேய்ந்ததை டீச்சர் எடுத்துக் கொடுத்தாலும் "வேறே பார்க்கிறேன் டீச்சர்" என்று சொல்லத் தைரியம் கொடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ற-வும் ர-வும் ஒன்றுதான். அதையும் ல, ள, ழவையும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொன்று, மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்றில் தொண்டை வறண்டுபோகும். போட்டி வாரத்தில் உங்கள் வண்டியில் முன்சீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்து வரக்கூடாது. இதனாலேயே ஒரு பிள்ளையின் குரல் மேடையில் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பீல் பற்றி ஒரே வரி: வேண்டாம். முடிவு சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவள் "எனக்கு அநியாயம் நடந்தது" என்பதை நாலு பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்பாள். நிஜமாகவே அநியாயம் நடப்பதுண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏ கிரேடு வாங்கி இரண்டாவது வந்ததில் அநியாயம் எங்கே இருக்கிறது?

எஸ்.பி.சி. பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அது எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. பரேடு தானாகவே முடிந்துவிடும். சர்ட்டிபிகேட்டை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.

அடுத்து மாஷ் சொல்கிற ஹாஸ்டல். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஓட்டத்தில் நம் பாலக்காடு ஜில்லா லேசுப்பட்டதில்லை. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி என்று சில பள்ளிக்கூடங்கள் மாநிலப் போட்டியில் மற்ற ஜில்லாக்களையே ஆட்டிவைத்தவை. முண்டூர் பள்ளியில் ஓடத் தொடங்கிய பி.யு. சித்ரா, கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து வந்தவர், 2017-ல் புவனேஸ்வரத்தில் ஆசியச் சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே வருஷம் லண்டன் உலகச் சாம்பியன்ஷிப்புக்கான அணியில் அவர் பெயர் இல்லை. கோர்ட்டு வரைக்கும் போனது அந்த விவகாரம். 2019-ல் தோஹாவில் மறுபடியும் அதே தங்கத்தை வாங்கிக் காட்டினார். இதை நான் உங்களுக்கு உற்சாகமூட்டச் சொல்லவில்லை. ஆசியாவிலேயே முதலாவதாக வந்தாலும் அடுத்த வண்டியில் சீட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாத பாதை இது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாஸ்டல் இல்லாமலும் ஒரு வழி இருந்திருக்கிறது. யாக்கரைப் பையன் ஸ்ரீசங்கர், 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கியவர், அப்பாவிடமே பயிற்சி எடுத்தார். ஆனால் அவர் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்காக ஆடிய அத்லெட்டுகள். நீங்களும் நானும் அந்தக் கணக்கில் சேர மாட்டோம்.

ஹாஸ்டலில் எனக்கு உள்ள ஆட்சேபணை ஒன்றே ஒன்று: இந்த வருஷம் வேண்டாம். பாப்பா படிப்பது தமிழ் மீடியம். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் மலையாளம், இல்லையென்றால் இங்கிலீஷ். ஒளிச்சேர்க்கை, முடுக்கம், குடியரசு என்று தமிழில் படித்த பிள்ளையை, எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகும் வருஷத்தில் கொண்டுபோய் வேறு மொழியில் உட்கார வைத்தால் அவள் ஓடுவாளா, பாடம் பிடிப்பாளா? போதாக்குறைக்கு வீட்டை விட்டுப் பிரிந்த ஏக்கம் வேறு. மாஷிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், "பிளஸ் ஒன்னுக்குப் பார்க்கலாம் மாஷே" என்று. அதற்குள் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஹாஸ்டலுக்குப் போய்ப் பாருங்கள். சாம்பாரை எட்டிப் பாருங்கள். பெண் வார்டன் ராத்திரி தங்குகிறாரா என்று பாருங்கள். "காயம் பட்ட பிள்ளையை என்ன செய்வீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல யோசிக்கிற நேரத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

பொள்ளாச்சி மச்சானுக்கு என்ன சொல்வது? கோட்டா இருக்கிறது என்று அவர் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அரசு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன, 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடத்துகிறார்கள், கலையரசன், கலையரசி பட்டம் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தக் கதவுகள் எப்படித் திறக்கின்றன என்பதை மச்சான் பார்க்கவில்லை. மருத்துவம், இன்ஜினியரிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ரயில் எப்போதோ போய்விட்டது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தவர்களுக்குத் தொல்லை இல்லை, மற்றவர்கள் பூர்வீகச் சான்று கொடுக்க வேண்டும். உங்கள் ரேஷன் கார்டு, வீடு, ஓட்டு எல்லாம் கேரளத்தில். பூர்வீகச் சான்று கேட்டு எத்தனை தடவை தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும் என்று மச்சானையே ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். போட்டியும் அங்கே இளப்பம் இல்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று அங்கேயும் படி ஏற வேண்டும், பெயர்தான் வேறு. பத்தாம் வகுப்பில் பாடத்திட்டம் முழுவதும் மாறும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பை அதே பள்ளியில், அதே மாஷிடம், அதே தோழிகளோடு முடிக்கட்டும். இதுதான் என் யோசனை. உங்கள் வீட்டம்மாவின் பயத்துக்குப் பஞ்சாங்கமே பதில் வைத்திருக்கிறது. கேரளத்தில் விளையாட்டுப் போட்டி அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும். கலோத்சவம் பெரும்பாலும் ஜனவரியில் மாநில மேடையோடு முடியும். பரீட்சை மார்ச்சில். பள்ளி காலையில் பத்து மணி வாக்கில்தான் தொடங்குகிறது, அது ஓடுகிற பிள்ளைக்குப் பெரிய வரம். ஆனால் அந்த வரத்தை டியூஷன்காரர்கள் காலை ஆறரைக்கே பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். நவம்பர் வரைக்கும் காலை நேரம் ஓட்டத்துக்கு, சாயங்காலம் படிப்புக்கு. நவம்பருக்கு அப்புறம் காலையும் படிப்புக்கு, ஓட்டம் வாரம் மூன்று நாள், உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க மட்டும். வாரம் ஐந்து நாளுக்கு மேல் கடுமையான பயிற்சி வேண்டாம். ஒரு நாளாவது முழு ஓய்வு. ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது ஓட்டமோ படிப்போ அல்ல, போன்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அவள் ஓடுவது 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு. ஒன்பதாம் வகுப்பில் ஓடுகிற அவளோடு அந்தக் கோட்டில் நின்றவர்களில் பிளஸ் ஒன் படிக்கிற அக்காமார் இருந்திருப்பார்கள். அந்த வயதில் ஒரு வருஷ வித்தியாசம் என்பது எலும்பிலும் மூச்சிலும் பெரிய வித்தியாசம். மாநிலத்தில் எட்டாவது என்று நீங்கள் எழுதிய வரியில் ஒரு சலிப்பு தெரிந்தது. எனக்கு அது எட்டாவதாகத் தெரியவில்லை. அதே பிரிவில் அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவளை அவசரப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

பிளஸ் ஒன் வரும்போது வேலை இருக்கிறது. கேரளத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத் தனி அலாட்மெண்ட். சர்ட்டிபிகேட்டுகளை ஜில்லா ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் காட்டி, ஸ்கோர் கார்டு வாங்கி, அப்புறம்தான் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். ஹாஸ்டல், திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா பள்ளி, பொள்ளாச்சிப் பக்கம், எதுவாக இருந்தாலும் அப்போது யோசிக்கலாம்.

அதற்கு முன் இந்தக் கோடை விடுமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது காகித வேலை. எல்லையில் இருக்கிற நம் வீடுகளில் பிரசவம் பொள்ளாச்சியிலோ கோவையிலோ நடக்கும், பள்ளிக்கூடம் இங்கே. பிறப்புச் சான்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இங்கே பெயருக்குப் பின்னால். தமிழில் எழுதிய பெயரை மலையாளத்தில் ஒருவர் எழுதி, அதை இங்கிலீஷில் இன்னொருவர் எழுதும்போது ஒரு எழுத்து கூடியிருக்கும், ஒன்று குறைந்திருக்கும். விளையாட்டுச் சர்ட்டிபிகேட்டில் மூன்றாவது விதமாக இருக்கும். வயது வரம்புப் போட்டிகளில் பிறந்த தேதியை நோண்டிப் பார்ப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பிள்ளைகளின் விவரப் பட்டியலான ஏ லிஸ்ட் தயாராகும்போது பள்ளியில் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அதற்கு முன்பு என்றால் பள்ளி அளவிலேயே திருத்திக்கொள்ளலாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அச்சாகி வந்தபின் திருத்த வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வுத்துறை ஆபீஸான பரீட்சா பவன். இரண்டு நாள் லோடு போச்சு.

இனி நான் கேட்க நினைத்தது. மாஷ் என்ன சொல்கிறார், மனைவி என்ன சொல்கிறார், மச்சான் என்ன சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாப்பா என்ன சொல்கிறாள் என்று இல்லை. கால் வலிக்கிறது என்று சொன்னதாக மட்டும் இருக்கிறது. எல்லாரும் கூடியிருக்கும்போது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்காதீர்கள், "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். மைதானத்திலிருந்து பைக்கில் திரும்பி வரும்போது கேளுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகள் கொஞ்சம் பேசுவார்கள். "ஓட்டம் வேணுமா படிப்பு வேணுமா" என்றும் கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி. "நாளைக்கு மழை பெஞ்சு கிரவுண்டுக்குப் போக முடியலேன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும் என்று சொன்னால், அதையும் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு விதமாகப் பேசலாம். கடுப்பாக இருக்கும் என்று சொன்னால் மேலே எழுதியபடி நடக்கலாம்.

கடைசியாக ஷூ. ஒரு சைஸ் பெரிய ஷூவில் பாதம் உள்ளே வழுக்கும், விரல்கள் பிடிமானத்துக்காக மடங்கும், முன்னங்கால் எலும்பு அடி வாங்கும். வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்பைக்ஸ் இப்போது வாங்க வேண்டாம், கால் வலி முழுக்கச் சரியாகி, சிந்தெடிக் டிராக்கில் வாரம் ஒரு முறையாவது ஓட வாய்ப்புக் கிடைத்தபின் பார்க்கலாம். கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்கு வாங்குவதுதான் சரி. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.